பதின்மூன்றாம் சீட்டு

டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டு. அதில் பத்து எடுத்து விரித்தால், எல்லோரும் பயப்படுகிற அந்த 13ஆம் சீட்டு, அதாவது சாவுச் சீட்டு, வருவதற்கு ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று மட்டும் எடுத்தால் 26இல் ஒன்று. பள்ளிக்கூடக் கணக்குதான், மாயம் எதுவும் கிடையாது. சீசன் சனிக்கிழமைகளில் காலையில் கட்டைக் கையில் எடுக்கும்போதே, இன்றைக்கு யாரோ ஒருவருக்கு அந்தச் சீட்டின் குதிரைக்காரன் வருவான் என்று எண்ணிக்கொண்டுதான் உட்காருவேன். வந்து மாட்டுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எனக்கு மட்டும் ஏங்க வந்துச்சு?”

குன்னூரில் பெட்போர்டுக்கு மேலே, என் வீட்டு முன்னறையில் சீட்டுப் பார்க்கிறேன். ‘கார்டு பாக்கிற அக்கா’ என்றால் ஆட்டோக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தையல்தான் என் முதல் தொழில். வெலிங்டனில் ஒரு காட்டேஜில் தனியாக இருந்த ஆங்கிலோ இந்திய அம்மா ஒருவருக்கு ஜன்னல் திரை தைத்துக்கொடுக்கப் போனேன். சாயங்காலத்தில் அவருக்குப் பேச்சுத் துணையாகி, அவரிடமே இதையும் கற்றுக்கொண்டேன். தையல் மெஷின் இன்றைக்கும் அதே அறையின் மூலையில் இருக்கிறது. மழை மாதங்களில் சோறு போடுவது அதுதான்.

சீட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படி நினைப்பதும் இல்லை. அது படம் போட்ட அட்டை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் படத்தைப் பார்த்துத் தன் வாயால் என்ன சொல்கிறார் என்பதில்தான் என் தொழில் இருக்கிறது. அதனால்தான் 13ஆம் சீட்டு விஷயத்தில் சக தொழில்காரர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்தச் சீட்டு விழுந்த அடுத்த நொடியே, “பயப்படாதீங்க, இது சாவு இல்ல, மாற்றம், புது வாழ்க்கை” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போவது இப்போது பொது வழக்கம். வீடியோ போடுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள். கேட்கிறவருக்குப் போன மூச்சு திரும்பும், சிரிப்பார், காசும் கொடுப்பார். ஆனால் அந்த ஒரு நொடியில் அவர் மனதில் ஏதோ ஒரு முகம் வந்து போயிருக்கும். யாருடையது என்று கேட்கக் கிடைத்த ஒரே இடத்தை நாமே அடைத்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் அது சோம்பேறித்தனம்.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது ரைடர் கட்டு. உலகத்தில் அதிகம் புழங்குவதும் அதுதான். கருப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. கையில் வாள் இல்லை, கொடிதான். கருப்புத் துணியில் ஐந்து இதழ் வெள்ளை ரோஜா. தலைக்கவசத்திலிருந்து சிவப்பு இறகு ஒன்று தொங்குகிறது. குதிரை பாயவில்லை, அவசரமே இல்லாமல் நடக்கிறது. கீழே ராஜா ஒருவர் விழுந்து கிடக்கிறார், கிரீடம் கழன்றுவிட்டது. குதிரைக்கு நேர் எதிரே மஞ்சள் அங்கியோடு பிஷப் ஒருவர் கைகளை உயர்த்திச் சேர்த்தபடி நிற்கிறார். தலையில் பூச்சூடிய இளம்பெண் மண்டியிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கத்தில் ஒரு குழந்தை. அது மட்டும்தான் வருகிறவனை நிமிர்ந்து பார்க்கிறது. பின்னால் ஆறு, ஆற்றில் பாய்மரப் படகு, அதற்கும் அப்பால் இரண்டு தூண் மாதிரிக் கோபுரங்கள், நடுவே சூரியன். உள்ளங்கை அகலத்துக்குள் இத்தனையும்.

பழைய கட்டுகளில் இந்தச் சீட்டு இன்னும் கொடூரமாக இருக்கும். டாரட் பிறந்தது ஜோசியத்துக்காக இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வசதியானவர்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம் அது. 1450 வாக்கில் மிலான் பிரபு குடும்பத்துக்காகப் பொன் பூசி வரைந்த கட்டில் எலும்புக்கூடு வில்லும் அம்புமாக நிற்கிறது. பிரான்சின் மார்செய் கட்டுக்கு வந்தால் நீண்ட பிடி போட்ட அரிவாள்; வயலில் கதிருக்குப் பதில் தலையும் கையும் காலும் முளைத்துக் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இதை வைத்துக் குறி சொல்லும் வழக்கம் பிரான்சில் வேர்பிடித்தது. அப்போது எகிப்துக் கோயில் ரகசியம் என்றெல்லாம் கதை கட்டினார்கள். நான் வைத்திருக்கும் கட்டு 1909இல் லண்டனில் வந்தது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட் என்பவருடையது; படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. இத்தனை படத்துக்கும் கிடைத்த கூலி சொற்பம் என்று அந்த அம்மா அந்த வருஷமே ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். 1951இல் கார்ன்வாலில் கடனோடுதான் இறந்தார். அவர் வரைந்த சீட்டு இன்றைக்கும் ஊர் ஊராக விற்கிறது. சீட்டுகளின் ஓரத்தில் அவர் தன் கையெழுத்தைப் போட்டுவைத்ததற்குக் காரணம் எனக்குப் புரிகிறது.

பயத்திலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. 13 என்ற எண் நம்மை அவ்வளவாக அசைக்காது. நமக்கு ஆகாதது 8. வண்டி நம்பரைக் கூட்டி 8 வந்தால் ஷோரூமிலேயே தகராறு செய்கிற ஜனம் நாம். ஜாதகத்தில் எட்டாம் இடம்தான் ஆயுள் ஸ்தானம். மேஷத்திலிருந்து எண்ணினால் எட்டாவது ராசி விருச்சிகம். வேடிக்கை என்னவென்றால், வெய்ட் காலத்து லண்டன்காரர்கள் 13ஆம் சீட்டுக்குக் கொடுத்திருக்கும் ராசியும் விருச்சிகம்தான். முன்பெல்லாம் இதை ஆர்வமாகச் சொல்வேன். “நான் விருச்சிக ராசிங்க!” என்று ஒருவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அவர்கள் விருச்சிகமும் நம் பஞ்சாங்கத்து விருச்சிகமும் ஒன்று இல்லை, நடுவில் 24 பாகை வித்தியாசம் இருக்கிறது என்று விளக்கி உட்கார வைப்பதற்குள் டீ ஆறிப்போனது. இப்போது கேட்டால் மட்டும்தான் ராசியைப் பற்றிப் பேசுவது.

எமனிடம் நமக்கு ஒளிவுமறைவு கிடையாது. தினக் காலண்டர் தாளில் நாள்தோறும் ஒன்றரை மணி நேரத்தை அவன் பேரில் அச்சடித்து அடுப்படியில் தொங்கவிடுகிறோம். ஸ்ரீவாஞ்சியத்தில் அவனுக்குத் தனிச் சன்னிதி. முதலில் அவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவாமியைப் பார்க்கப் போக வேண்டும். திருக்கடையூரில் அவன் உதைபட்ட இடத்தில்தான் நாம் 60க்கும் 80க்கும் மறுபடி தாலி கட்டிக்கொள்கிறோம். நம் கதைகளில் எமனோடு வாய்ப்பேச்சு நடக்கும். மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டு தப்பித்தான். சாவித்திரி வரம் கேட்டுக் கேட்டே மடக்கினாள். நசிகேதன் அவன் வீட்டு வாசலிலேயே காத்துக்கிடந்து கேள்வி கேட்டான். எப்படியாவது ஒரு வாய்தா வாங்கிவிடலாம் என்பது நம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. கவசம் போட்ட இந்த எலும்புக்கூட்டுக்குக் காதே இல்லை. தமிழ் ஆட்களை உலுக்குவது அதுதான் என்று நினைக்கிறேன். வெளிநாட்டவர் குதிரைக்காரனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் ஆட்கள் கொஞ்ச நேரத்தில் பிஷப்பிடம் போய்விடுவார்கள். “இந்தச் சாமியார் என்ன கேக்கிறாரு? விட்டுருன்னு கேக்கிறாரா?”

கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்த கண்ணும் இதற்கு ஒரு காரணம். அந்தக் கட்டில் எந்தச் சீட்டை எடுத்தாலும் முருகனோ மீனாட்சியோ குழந்தை ஏசுவோடு மாதாவோ வருவார்கள். பலன் மோசமாக இருந்தாலும் படத்தில் சாமி இருக்கும், பரிகாரம் இருக்கும். கிளியை இப்போது பார்ப்பதே அபூர்வம். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கூண்டில் அடைப்பதே குற்றம். 2024 மக்களவைத் தேர்தலில் கடலூர் வேட்பாளர் ஒருவருக்குக் கிளி நல்ல சீட்டாக எடுத்துக்கொடுத்தது, ஜோசியரை வனத்துறை பிடித்துக்கொண்டது, வேட்பாளர் தோற்றார். அந்தக் கிளிக்குத் தன் எஜமானைப் பற்றி ஒரு சீட்டு எடுத்துக்கொடுக்கத் தோன்றவில்லை.

சீட்டு விழுந்ததும் நான் செய்வது இதுதான். பேசாமல் இருப்பேன். கொஞ்சம் பொறுத்து, “முதல்ல யாரைப் பாத்தீங்க?” என்று கேட்பேன். எலும்புக்கூடு என்றுதான் பதில் வரும். “அப்புறம்?” என்பேன். இரண்டாவதாகச் சொல்கிற ஆளில்தான் விஷயம் இருக்கிறது. ராஜாவைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கடை, கம்பெனி, பதவி என்று கையில் ஏதாவது வைத்திருப்பவர்கள், அது நழுவுகிற நேரம். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆகப்போகிறவர்கள் ராஜாவை விட்டு நகர மாட்டார்கள். கிரீடம் எங்கே கிடக்கிறது என்று தேடுவார்கள். முகம் திருப்பிய பெண்ணைச் சொல்கிறவர்களிடம் நான் அதிகம் கேட்பதில்லை. அவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள். குழந்தையைச் சொல்கிறவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பேன். வயிற்றிலேயே போன பிள்ளை, வளர்ந்து போன பிள்ளை, தானே பிள்ளையாக இருந்தபோது பார்த்த சாவு என்று அந்தப் பக்கம் எதுவும் இருக்கலாம்.

ஒரு சீசனில் பெங்களூரிலிருந்து ஐடி பையன்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவனுக்கு இந்தச் சீட்டு வந்ததும் கூட இருந்தவர்கள் “மச்சான், நீ காலி” என்று கைதட்டினார்கள். அவனும் சிரித்தான். யாரைப் பார்த்தாய் என்று கேட்டேன். “அந்தக் குட்டிப் பையன்” என்றான். “அவன் மட்டும் பக்கத்துல நின்னு பாக்கிறான்ல. நான் பாக்கவே இல்ல ஆன்ட்டி.” 2021 மே மாதம், கொரோனாவில் அப்பா போயிருக்கிறார். பிளாஸ்டிக்கில் சுற்றி ஆம்புலன்ஸிலேயே கொண்டுபோயிருக்கிறார்கள். இவனுக்கு வீடியோவில் காட்டினார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். மாற்றம், புது வாழ்க்கை என்று அவனிடம் நான் எந்த வாயால் சொல்வது?

மாற்றம் என்பதற்கு இந்த மலையில் தயாராக ஓர் உவமானம் கிடைக்கிறது, கவாத்து. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஓர் இலைகூட மிஞ்சாமல் வெட்டிவிடுவார்கள். செத்தது போலக் கம்பு கம்பாக நிற்கும். பிறகு துளிர்க்கும். டூரிஸ்டுகளிடம் ஜன்னல் வழியாக எதிர்ச் சரிவைக் காட்டி இதைச் சொன்னால் உருகிப்போவார்கள். எஸ்டேட் ஆட்களிடம் செல்லுபடியாகாது. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருந்தவர். வெட்டுகிற எல்லாச் செடியும் துளிர்க்காது என்பது அவருக்கும் தெரியும், கத்தி பிடித்தவர்களுக்கும் தெரியும். வேரில் மாவுச்சத்து இருப்பு இருந்தால்தான், இலையே இல்லாத அந்த நாட்களைச் செடி தாண்டும். இருப்பு இல்லாத செடியை வெட்டினால் பட்டுப்போகும். அதனால் கவாத்துக்கு முன்பு அங்கங்கே சில செடிகளின் வேரை நறுக்கி அயோடின் விட்டுப் பார்ப்பார்கள். கருநீலமாக மாறினால் வெட்டலாம். வெளுத்துக் கிடந்தால் கத்தியை வைக்காமல் செடியைக் கொஞ்ச காலம் ஆற விடுவார்கள். 13ஆம் சீட்டு வந்தவரிடம் நான் தேடுவதும் அந்த நீலத்தைத்தான். இவருக்கு ஒன்று முடிகிறது, சரி. முடிந்த பிறகு நிற்க என்ன வைத்திருக்கிறார்? யார் இருக்கிறார்கள்? கையில் எவ்வளவு?

கொலக்கம்பைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஓர் அக்கா வந்தார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம். வரும்போது இவர் சின்னப் பிள்ளை. கொழுந்து பறித்தே காலம் போய், இப்போது ரிட்டையர் ஆகிவிட்டார். எஸ்டேட் கொடுத்த லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வா என்கிறான். போவதா, இங்கேயே வாடகைக்கு ஓர் அறை பார்ப்பதா என்பது கேள்வி. மூன்று சீட்டு எடுத்தார். நடுவில் குதிரைக்காரன்.

“இது என்னா புள்ள, செத்தவன் குதிர மேல வாறான்?”

“யாரப் பாக்கிறீங்க அக்கா?”

“அவன எதுக்குப் பாக்கணும்? அந்தா, ரெண்டு தூணுக்கு நடுவுல பொழுது தெரியுது பாரு. அது விடியுதா, அடையுதா?”

நல்ல கேள்வி. சாகாமையின் சூரியன் என்று மட்டும்தான் வெய்ட் எழுதிவைத்திருக்கிறார். விடிகிறதா அடைகிறதா என்பதற்குப் படத்திலும் அத்தாட்சி ஒன்றும் இல்லை; பாதிச் சூரியன் எந்தப் பக்கமும் போகலாம். நான் பதில் சொல்லவில்லை. அவர் சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“படகு வேற நிக்குது. தலைமன்னார்ல கப்பல் ஏறுனப்ப எங்கம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு அழுதுச்சு. நான் அழுவல. கப்பலயும் தண்ணியயும் பாத்துக்கிட்டே வந்தேன்.”

சீட்டில் இருக்கும் பெண்ணையும் குழந்தையையும் அவர் சொல்லவே இல்லை. நானும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப நாந்தான் எங்கம்மா வயசு” என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. புருஷனை எஸ்டேட் மயானத்தில் புதைத்திருக்கிறது. திருப்பூர் போய்விட்டால் மாட்டுப்பொங்கல் சமயத்தில் குழிமேட்டைச் செதுக்கி விளக்கு வைக்க ஆள் இல்லை. வீடு போவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. புருஷனை அங்கே தனியாகப் போட்டுவிட்டுப் பஸ் ஏறுவதுதான் முள்.

அதற்குச் சீட்டில் பரிகாரம் கிடையாது. நான் கேட்டதெல்லாம் வேறு. கிராஜுட்டி கைக்கு வந்ததா? பி.எஃப். பேப்பரில் கையெழுத்துப் போட்டாயிற்றா? வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன்பு என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னார்களா? ஒன்றும் ஆகவில்லை. யூனியன் ஆபீசுக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பக்கத்து லயனில் இன்னும் வேலையில் இருக்கிற ஒரு சிநேகிதியின் பேரை அவரே சொன்னார். பொங்கலுக்கு அவள் விளக்கு வைப்பாள், கேட்டால் மாட்டேன் என்க மாட்டாள் என்றார். “கேக்கத்தான் தோணல பாரு புள்ள.” காசு கொடுக்க முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு ரவிக்கை தைக்கக் கொண்டுவாருங்கள், அதில் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று அனுப்பினேன்.

நான் சீட்டே எடுக்காத கேள்விகளும் உண்டு. வெலிங்டனில் எம்.ஆர்.சி., ஸ்டாஃப் காலேஜ் குவார்ட்டர்ஸிலிருந்து ராணுவக்காரர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். ஸ்டாஃப் காலேஜ் படிப்பு ஏறக்குறைய ஒரு வருஷம். அது முடிகிற சமயத்தில் அடுத்த போஸ்டிங் எங்கே என்று கேட்டு அதிகம் வருவார்கள். ஊர் மாறுவது, பிள்ளைகள் பள்ளிக்கூடம், மாமியாரோடு இருப்பதா என்றால் தாராளமாகப் பார்க்கலாம். “அவர் பத்திரமாகத் திரும்பி வருவாரா?” என்றால் கட்டை மூடிவிடுவேன். எனக்கு உடைந்த ஹிந்திதான் வரும். ஆனால் இதை மட்டும் தப்பில்லாமல் சொல்லப் பழகிவைத்திருக்கிறேன். நோயைப் பற்றியும் பார்ப்பதில்லை. மந்திரம், தாயத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் தொட மாட்டேன். கட்டி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம், முதலில் லாலி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ரிப்போர்ட்டோடு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்பேன். ரிப்போர்ட் வந்த பிறகு பெரும்பாலும் என்னிடம் வர வேண்டிய தேவை இருக்காது.

உண்மையில் எனக்கு வயிற்றைப் பிசைகிற சீட்டு 13 இல்லை. 16, கோபுரம். இடி விழுந்து உச்சி பெயர்ந்து, இரண்டு பேர் தலைகீழாக விழுகிற படம். குதிரைக்காரன் நடந்து வருகிறான்; வருவது தெரியும். இது ஒரே நொடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் வீட்டோடு மண் மூடியது. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் கோபுரம் வந்தால் நான் முதலில் கேட்பது, “வீட்டுக்குப் பின்னால மேடா, பள்ளமா? தண்ணி எந்தப் பக்கம் போகுது?” என்பதுதான். இதற்கெல்லாம் டாரட் எதற்கு என்று கேட்கலாம். எதற்கும் இல்லைதான். ஆனால் கேட்ட பிறகு இரண்டு பேர் பின்பக்கச் சாக்கடையைத் தூர் வாரியிருக்கிறார்கள்.

2021 டிசம்பர் 8ஆம் தேதி நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் மனைவியும் கூட வந்தவர்களும் இறந்தார்கள். அந்த வாரம் என் வாசலில் வந்து, “உங்க கார்டுல முன்னாடியே தெரிஞ்சுதா மேடம்?” என்று கேட்டவர்கள் உண்டு. வெளியூரில் சிலர் தாங்கள் முன்கூட்டியே சொன்னதாகப் பேசிக்கொண்டும் இருந்தார்கள். நான் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் எரிந்துபோன இடத்திலிருந்து பேர் வாங்குகிற தொழில் எனக்கு வேண்டாம்.

சீட்டைப் பாதுகாப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் எல்லாமே ஈரம். மேகம் உள்ளே வந்தால் அட்டை ஊதி ஒன்றோடொன்று ஒட்டும், கலைக்க வராது, பூஞ்சை பிடிக்கும். பட்டுத் துணியில் சுற்றி, வறுத்த அரிசி முடிச்சோடு தகர டப்பாவில் வைக்கிறேன். பட்டு எதற்கு என்று சாஸ்திரமாகக் கேட்பார்கள். தையற்காரி வீட்டில் பட்டுத் துண்டுக்கா பஞ்சம்? இன்னொன்று, எந்தக் கட்டிலும் முதலில் கெடுவது 13ஆம் சீட்டுதான். விழுந்ததும் வாடிக்கையாளர் அதைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடிப்பார். வியர்வை படும், மூலை மடியும். மூலை மடிந்த சீட்டைக் கலைக்கும்போதே என் விரலுக்கு அடையாளம் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அந்தக் கட்டை வைத்துக் காசு வாங்கக் கூடாது. நான் நினைத்தால் வர வைக்கலாம், நினைத்தால் மறைக்கலாம் என்றாகிவிடும் இல்லையா? ஒரு சீட்டுக்காக 78ஐயும் மாற்றுவேன்.

மறைப்பதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் ஒரு ஹோம்ஸ்டேயில் வார இறுதியில் உட்கார்ந்தேன். அதை நடத்தியவர் தங்கமானவர், சாப்பாடெல்லாம் கொடுப்பார். தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்றில் அந்தப் பெண்ணுக்கு இந்தச் சீட்டு வந்து, அவள் அழ, மாப்பிள்ளை ரிசப்ஷனில் போய்ச் சத்தம் போட்டுவிட்டான். அவள் அழுததற்குக் காரணம் அவனுக்குத் தெரியாது. எனக்கும் அவளுக்கும் தெரியும், அது எங்களோடு. மறுநாள் ஓனர் மெதுவாக ஆரம்பித்தார். “சீசன் முடியிற வரைக்கும் அந்த ஒரு கார்டை மட்டும் எடுத்து வச்சிடுங்களேன் மேடம். யாருக்குத் தெரியப்போகுது?” 77 சீட்டை விரித்துக் காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் வியாபாரம் இருக்கிறது. சண்டை ஒன்றும் இல்லாமல் விலகிக்கொண்டேன். இப்போது அங்கே கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து உட்காருகிறாள். அவள் வைத்திருப்பது தேவதைச் சீட்டு. எல்லாப் படத்திலும் இறக்கை, வானவில், நல்ல வார்த்தை. போன மே மாதம் அந்த வழியாக ஒரு திரைத் துணி கொடுக்கப் போனேன். என்னிடம் வந்ததைவிட அவளிடம் கூட்டம் அதிகம்தான்.